தளபதி டிலனாய்: மண்ணும் வெற்றியும் மரணமும்

நாஞ்சில் என்றால் கலப்பை. ஒரு நாடு கலப்பையின் பெயரால் வழங்குகிறதென்றால், அதன் செல்வம் எது என்பதையும், அதன் துன்பத்துக்கு வேர் எது என்பதையும் அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. பழையாறு பாயும் வயல்களும், அவற்றைச் சூழ்ந்த குளங்களும் நெல்லைத் தந்தன. நெல் படைகளை வரவழைத்தது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசல். தெற்கே மணக்குடியிலிருந்து இராஜாக்கமங்கலம், முட்டம், கடியபட்டினம், மணவாளக்குறிச்சி எனக் குளச்சல் வரை நீளும் கடற்கரை மற்றொரு வாசல். சோழரும் பாண்டியரும் வந்தனர். மதுரை நாயக்கரின் படை வந்தது. சந்தா சாகிபின் குதிரைகள் வந்தன. கடைசியாகக் கப்பலேறி உலாந்தாக்காரரும் வந்தனர். அந்தக் கப்பற்படையோடு சேர்ந்து வந்து, இந்த மண்ணிலேயே முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, இங்கேயே மண்ணான ஒருவரின் வரலாற்றை நம் வட்டத்து அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் யுஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டிலனாய்.

அவரைப் பற்றிப் பேசுமுன், இந்த மண்ணில் கதை பிறக்கும் முறையைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுகள் பெரும்பாலும் அரசாண்டு மூத்து இறந்தவர்களைப் பாடுவதில்லை. ஆயுள் முடியுமுன் வெட்டுண்டவர், வஞ்சகத்தால் வீழ்ந்தவர், பழி சுமந்து மாண்டவர் ஆகியோரையே அவை பாடுகின்றன. அவர்களுக்குத்தான் பீடம், அவர்களுக்குத்தான் கொடை. இராஜாக்கமங்கலத்துக்கு வடக்கே, அதிகத் தொலைவில்லாத கணியாகுளத்தில் 1635ஆம் ஆண்டில் நாயக்கர் படையை எதிர்த்து நின்று மாண்ட வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளை அவ்வாறு கதைப்பாடலில் ஏறியவர். அவரை வீழ்த்திய படைத்தலைவர்களின் பெயர்கள் பாடலில் பகைவரின் பெயர்களாகவே நிற்கின்றன. வென்றவனுக்குப் பட்டயம், மாண்டவனுக்குப் பாட்டு என்பது இந்நாட்டின் எழுதாத வழக்கம். இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் டிலனாயின் வாழ்க்கையும், அவரைச் சுற்றி எழுந்த கதையும், எழாத கதையும் நமக்கு விளங்கும்.

டிலனாய் பிறந்த ஊர் இன்றைய பிரான்சின் வடபகுதியிலுள்ள அராஸ். பிறப்பால் கத்தோலிக்கர். அவர் ஊழியம் ஏற்றதோ புராட்டஸ்டண்டு நாடான உலாந்தாவின் கிழக்கிந்தியக் கம்பெனியில். அக்காலத்தில் கம்பெனியின் கப்பல்களில் டச்சுக்காரர் மட்டும் வரவில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடிய இளைஞர்கள் கூலிக்குப் படைவீரராய் ஏறினர். கம்பெனிக்கு வேண்டியது மிளகு. மலையாளக் கரையில் மிளகு விளையும் சிறு சிறு அரசுகளோடு தனித்தனியே உடன்படிக்கை செய்து, தானே விலை வைத்து வாங்குவது அதன் வழக்கம். அரசுகள் பலவாய்ப் பிரிந்து கிடந்தவரையில் அந்த வணிகம் தழைத்தது.

1729இல் வேணாட்டின் அரசுரிமை ஏற்ற மார்த்தாண்ட வர்மர் அந்த ஒழுங்கைக் குலைத்தார். முதலில் உள்நாட்டுப் பகையை அறுத்தார். முன்னைய மன்னரின் மக்களான தம்பிமார் கொல்லப்பட்டனர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் அழிக்கப்பட்டனர். இங்கேயும் கதை இரண்டாகப் பிரிந்ததைக் காண்கிறோம். 1891இல் வெளிவந்த சி. வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலான மார்த்தாண்டவர்மாவில் மன்னரே நாயகர், தம்பிமார் சூழ்ச்சிக்காரர். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டான தம்பிமார் கதையிலோ வலிய தம்பியும் குஞ்சுத் தம்பியும் அநியாயமாய் மாண்ட உடன்பிறப்புகள். ஒரே சாவுதான், அரண்மனையின் பக்கம் நின்று பார்த்தவர்க்கு ஒரு கதையாகவும், சுடுகாட்டின் பக்கம் நின்று பார்த்தவர்க்கு வேறொரு கதையாகவும் தோன்றியது.

உட்பகை ஒடுங்கியபின் மன்னரின் கண் வடக்கே சென்றது. கொல்லத்தோடு போர், பின் கொட்டாரக்கரையைத் தலைநகராகக் கொண்ட இளையிடத்துச் சொரூபம். மிளகு நிலம் ஒரே மன்னனின் கைக்குப் போவதைக் கம்பெனி பொறுக்கவில்லை. இலங்கையில் ஆளுநராயிருந்த வான் இம்ஹாப் மார்த்தாண்ட வர்மரை நேரில் கண்டு எச்சரித்தார். மன்னர் பணியவில்லை. இளையிடத்து அரசிக்குக் கம்பெனி ஆதரவளிக்க, மன்னர் அந்நாட்டைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். போர் மூண்டது. வடக்கே போரிட்டுக்கொண்டிருந்த மன்னரைத் தெற்கே தாக்கினால் தலைநகரான கல்குளத்தைப் பிடித்துவிடலாம் என்பது கம்பெனியின் கணக்கு. இலங்கையிலிருந்து வந்த படை 1741இன் தொடக்கத்தில் குளச்சலில் இறங்கியது. குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் இடைப்பட்ட கடற்கரையும் ஊர்களும் அதன் கைக்குள் வந்தன. இராஜாக்கமங்கலமும் அந்த நிலப்பரப்புக்குள்தான் இருக்கிறது.

மன்னர் தெற்கே விரைந்தார். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் முன் வாளை வைத்து வணங்கிப் புறப்பட்டார் என்பது மரபாக வழங்கும் செய்தி. மழைக்காலம் கம்பெனிக் கப்பல்களுக்கு உதவவில்லை; புதிய துணைப்படை வந்து சேரவில்லை. குளச்சலில் அரண் அமைத்து ஒடுங்கிய டச்சுப்படையைத் திருவிதாங்கூர்ப் படை முற்றுகையிட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு பீரங்கிக் குண்டு அவர்களின் வெடிமருந்தில் விழுந்து தீப்பற்றியது. அந்தத் தீயில் அரிசிக் கிடங்கும் எரிந்தது. நெல் விளையும் நாட்டைப் பிடிக்க வந்த படை, உண்ண அரிசியின்றிச் சரணடைந்தது. ஆசிய மண்ணில் ஓர் ஐரோப்பிய வல்லரசு பெற்ற பெருந்தோல்விகளுள் குளச்சல் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது. இந்தியாவில் டச்சுக்காரரின் ஆதிக்க எண்ணம் அதன்பின் தலையெடுக்கவில்லை.

கடற்கரை ஊர்கள் அந்தப் போரைத் தம் வழியில் நினைவில் வைத்திருக்கின்றன. பனந்தடிகளை மாட்டுவண்டிகளில் சாய்த்து வைத்துப் பீரங்கிகளாய்க் காட்டினார்களாம். மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணிவகுத்து நின்று துப்பாக்கி வீரராய்த் தோன்றினார்களாம். கப்பலிலிருந்து பார்த்தவர் அஞ்சிப்போனார்களாம். இதற்கு ஆவணம் தேடுவது வீண் வேலை. தம் பங்கை எந்த மெய்க்கீர்த்தியும் எழுதாது என்று அறிந்த மக்கள், தாமே எழுதிக்கொண்ட மெய்க்கீர்த்தி அது.

குளச்சலில் மன்னர் கைக்கு வந்த ஐரோப்பியருள் ஒருவர் டிலனாய். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இங்கே கதையும் வரலாறும் பிரிகின்றன. மக்கள் வழக்கிலும் பல பழைய நூல்களிலும் அவர் டச்சுப் படையின் தளபதி, கப்பற்படைத் தலைவர். தோற்ற தளபதி வென்ற மன்னர் முன் ஆயுதம் தாழ்த்தும் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது. கம்பெனியின் ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் கண்டதோ வேறு: குளச்சலில் படையை நடத்தியவர்கள் வேறு அதிகாரிகள், டிலனாய் அங்கே தலைமை தாங்கியவர் அல்லர். பின்னாளில் அவர் பெற்ற பெரும்பதவியைக் கதை முன்னாளுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதற்குக் காரணமும் விளங்காமலில்லை. ஒரு பெருவெற்றிக்கு ஒரு பெரிய பகைவன் வேண்டும். பெயரற்ற ஒரு கூலி வீரன் மன்னர் முன் நிற்பதில் காவியம் இல்லை. தளபதி நிற்பதில்தான் காவியம் இருக்கிறது.

ஆனால் டிலனாயின் உண்மையான வரலாறு அந்த ஓவியம் முடியும் இடத்தில்தான் தொடங்குகிறது. பகைவரிடமிருந்தும் கற்கத் தெரிந்தவர் மார்த்தாண்ட வர்மர். அதுவரை இந்நாட்டுப் படை என்பது நிலத்தோடு பிணைந்தது. மாடம்பிமாரும் நாட்டுப் பிரபுக்களும் நிலத்தை வைத்திருந்தனர். போர் வந்தால் தம் ஆட்களோடு வந்தனர். பகை வந்தால் அதே ஆட்களோடு மன்னனையே எதிர்த்தனர். அரசுக்கே உரிய, சம்பளம் பெறும், ஒரே கட்டளைக்குக் கட்டுப்பட்ட படை ஒன்றை மன்னர் விரும்பினார். அதைப் பழக்கித் தந்தவர் டிலனாய். அணிவகுப்பும், துப்பாக்கிப் பயிற்சியும், பீரங்கி இயக்கமும் அவர் வழியாக வந்தன. கல்குளத்துக்கு அருகே உதயகிரியில் பழைய கோட்டை கருங்கல்லில் எடுத்துக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில், நடுவே ஒரு குன்றை வளைத்து நிற்கும் அந்தக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்களம் அமைந்தது. மக்கள் அதை டிலனாய்க் கோட்டை என்றே அழைத்தனர். அவரைப் பெரிய தலைவர் என்னும் பொருளில் வலிய கப்பித்தான் என்றனர்.

அந்தப் படை வடக்கே சென்றது. 1746இல் காயங்குளம் வீழ்ந்தது, அம்பலப்புழை வீழ்ந்தது, 1750க்குள் தெக்கும்கூறும் வடக்கும்கூறும் வீழ்ந்தன. அதே காலத்தில் பள்ளிச்சல் மல்லன் சங்கரன் என்னும் அதிகாரி நாட்டு நிலங்களை அளந்து தேவசுவம், பிரம்மசுவம், தானம், பண்டாரவகை என வகைப்படுத்தினார். ஒருபுறம் பீரங்கி, மறுபுறம் அளவுகோல். வென்ற நிலம் கணக்கில் ஏறியபோதுதான் வெற்றி முழுமையடைந்தது. மிளகு அரசின் தனியுரிமையாயிற்று. 1750 சனவரியில் மன்னர் தம் நாடு முழுவதையும் பத்மநாபசாமிக்குத் திருப்படித்தானமாக ஒப்படைத்து, தாம் இறைவனின் தாசனாய் நின்று ஆள்வதாக அறிவித்தார். வாளால் வந்த நிலம் இவ்வாறு கடவுளின் நிலமாயிற்று. பழைய உரிமையைப் பேச வந்தவன் இனி மன்னனோடு அன்றிக் கடவுளோடு வழக்காட வேண்டும். 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில் கம்பெனி தன் தோல்வியை எழுத்தில் ஒப்புக்கொண்டது.

டிலனாயின் வாழ்வில் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கும் அதிகாரம், இந்தப் படையெடுப்புகளுக்கு இடையே நிகழ்ந்தது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனைப் பணியிலிருந்தவர். அவர் துன்பமுற்றிருந்த நாட்களில் டிலனாயோடு பழகினார். யோபுவின் கதையை அவர் டிலனாயிடம் கேட்டார் என்பது மரபு. எல்லாம் இழந்தும் நம்பிக்கை இழவாத ஒரு மனிதனின் கதை, தாய்நாட்டை இழந்த ஒருவரின் வாயிலிருந்து, மாடும் பயிரும் இழந்து வருந்திய ஒருவரின் செவிக்குப் போயிற்று. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டார். எருமையின் மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராய்க் கொண்டுசெல்லப்பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் மதமா, அரசத் துரோகமா என்பதில் இன்றும் இரு கட்சி உண்டு. சாவின் கொடுமையில் இரு கட்சி இல்லை.

நாட்டின் படையெல்லாம் தம் கட்டளைக்குக் காத்திருந்த நிலையிலும் டிலனாயால் அந்த ஒருவரைக் காப்பாற்ற இயலவில்லை. அதன்பின்னும் அவர் மன்னரின் பணியை விட்டு நீங்கவில்லை. மன்னரின் நன்றிக்கும் நண்பரின் குருதிக்கும் நடுவே அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை நாம் கற்பனையால் இட்டு நிரப்புவது நேர்மையாகாது. செயல்கள் மட்டுமே நம் முன் இருக்கின்றன. நண்பர் மாண்டபின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் கோட்டை கட்டினார், படை பழக்கினார், போருக்குச் சென்றார். ஒரு மனிதனை அளப்பதற்கு இந்த இருபத்தைந்து ஆண்டுகளையும் அந்த ஒரு நாளையும் ஒரே தட்டில் வைப்பதா, இரு தட்டில் வைப்பதா என்பதை அன்பர்களின் மனச்சான்றுக்கே விடுகிறேன்.

1758இல் மார்த்தாண்ட வர்மர் மறைந்தார். அடுத்து வந்த இராமவர்மரான தர்மராஜாவின் காலத்திலும் டிலனாயே தளபதி. கொச்சியின் துணைக்குச் சென்று சாமூதிரியின் படையைப் பின்வாங்கச் செய்தார். வடக்கிலிருந்து வரும் படையெடுப்பைத் தடுக்க, கொச்சி நாட்டின் குறுக்கே ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்கு நெடுங்கோட்டை என்னும் மண் அரண் எழுந்தது. தெற்கே ஆரல்வாய்மொழி அரண்கள் வலுப்பெற்றன. கன்னியாகுமரிக்கு அருகே கடலோரத்தில் வட்டக்கோட்டை புதுப்பிக்கப்பட்டது. நாட்டைப் பிடிக்கக் கடல் வழியாய் வந்த படையின் வீரர் ஒருவரே, கடல் வழியையும் மலை வழியையும் அடைத்துக் காக்கும் காவலரானார்.

காவலுக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. 1765இல் மலைக்கு அப்பால் களக்காட்டில் நடந்த போரில் அவருடைய மகன் யோவான் மாண்டான். அவனுக்கு வயது பத்தொன்பது. அவன் இந்த மண்ணில் பிறந்தவன், அராசைக் காணாதவன். பிறர் மக்களைப் போருக்கு அனுப்பிய தளபதியின் வீட்டுக்கும் போர் வந்து தன் பங்கைப் பெற்றுக்கொண்டது. கணியாகுளத்துச் சாவைப் பாடிய வில்லும் உடுக்கும் களக்காட்டுச் சாவைப் பாடவில்லை. அந்நியனின் மகனுக்கு அழ இங்கே குலமும் இல்லை, பீடம் வைக்கக் குடும்பமும் இல்லை. கல்வெட்டு ஒன்றே அவனுக்கு ஒப்பாரியாயிற்று.

1777 சூன் முதல் நாள் டிலனாய் உதயகிரியில் காலமானார். வயது அறுபத்திரண்டு. கோட்டைக்குள் இருந்த சிறு தேவாலயத்திலேயே அடக்கம் நடந்தது. மனைவி மார்கரெட்டும் மகனும் அதே வளாகத்தில் துயில்கின்றனர். கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் வெட்டப்பட்டுள்ளன. ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாய் உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை அவருக்குக் கீழ்ப்படுத்தியதையும் இலத்தீன் வாசகம் தெரிவிக்கிறது. எதனால் கீழ்ப்படுத்தினார் என்பதையும் அது மறைக்கவில்லை. ஆயுத வலிமையை அடுத்து அச்சம் என்னும் பொருள்படும் சொல்லும் அங்கே நிற்கிறது. புகழ்மொழியாகவே அதை வெட்டினார்கள். காலம் செல்லச் செல்ல அதே சொல் வாக்குமூலமாய் மாறிவிட்டது. காயங்குளத்திலும் அம்பலப்புழையிலும் மாண்டவர்களைப் பற்றி இந்தக் கல்லில் உள்ள ஒரே குறிப்பு அந்தச் சொல்தான்.

கற்கள் நிலைத்தன, அவற்றின் பயன் நிலைக்கவில்லை. 1789இன் இறுதியில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டையைத் தாக்கினார். அடுத்த ஆண்டு அது உடைந்தது. 1795இல் தலைநகர் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரம் சென்றது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலப்படை ஆரல்வாய்மொழி அரணைக் கடந்து உதயகிரியையும் கைக்கொண்டது. ஒரு கம்பெனியைத் தோற்கடித்த நாடு மற்றொரு கம்பெனிக்குப் பணிந்தது. பின்னும் ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 1954இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தபின், 1956 நவம்பர் 1 அன்று இந்நிலம் தமிழகத்தோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலும் உதயகிரிக் கோட்டை தமிழகத்தின் பொறுப்பிலும் நிற்கின்றன. மன்னரின் வீடு ஓர் அரசிடம். தளபதியின் கல்லறை மற்றோர் அரசிடம். நிலத்தின் எல்லைகள் இவ்வளவு மாறியும், கலப்பையின் பெயர் மட்டும் மாறாமல் இருக்கிறது.

இன்று உதயகிரிக்குச் செல்பவர் மரங்களுக்கு நடுவே கூரையிழந்த தேவாலயச் சுவர்களையும் அந்தக் கல்லறைகளையும் காணலாம். பார்ப்பவர் படித்துவிட்டுப் போகிறார். கோட்டாறு சவேரியார் பேராலயத்திலுள்ள தேவசகாயத்தின் கல்லறையிலோ மெழுகுவத்திகள் அணைவதில்லை. 2022 மே 15 அன்று உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சொன்னவர் கல்லில் நின்றார். கேட்டவர் மக்கள் வாயில் வாழ்கிறார். காற்றாடிமலைச் சாவு நாட்டு நாடகமாயிற்று, பாடலாயிற்று, யாத்திரையாயிற்று. முப்பத்தாறு ஆண்டு வெற்றிகளில் மக்கள் எடுத்துக்கொண்டது குளச்சலில் அவர் தோற்று நின்ற காட்சியை மட்டுமே.

இதில் டிலனாய்க்கு அநீதி உண்டு என்று ஒருவர் சொல்லலாம். இந்த மண்ணின் நீதி அதுதான் என்று மற்றொருவர் சொல்லலாம். கவிதை எழுதும் நமக்கு மூன்றாவதொரு பொறுப்பு இருக்கிறது. கல்லும் பாட்டும் பெற்ற இவ்விருவருக்கும் அப்பால், குளச்சல் மணலில் துடுப்போடு நின்றவர்கள், நெடுங்கோட்டைக்கு மண் சுமந்தவர்கள், காயங்குளத்தில் பெயரின்றி மாண்டவர்கள், படை கடந்த வயலில் மறு ஆண்டும் நாற்று நட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கொடையும் இல்லை. டிலனாயின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்களையும் சேர்த்துப் படிக்கும் கண் நமக்கு வேண்டும்.